எளாவூர் எஸ்தரம்மாவின் இரண்டு டப்பாக்கள்

ஓய்வு பெற்ற போலீஸ்காரர்கள் சேர்ந்து ஆண்டு மலர் போடுகிறோம். ஆளுக்கு ஒரு கேஸ் எழுதித் தர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மற்றவர்கள் கொலை எழுதுவார்கள், கொள்ளை எழுதுவார்கள். நானும் அந்த மாதிரி கேஸ்களில் நின்றிருக்கிறேன். அவை எனக்குப் புரிந்தன. குத்தினவன் குத்தினான், எடுத்தவன் எடுத்தான். புரியாமல் போனது ஒரு கள்ளக்காசு கேஸ். அதை எழுதுகிறேன். படித்துப் புரிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள்.

இப்போது சட்டத்தையே மாற்றிவிட்டார்கள். முன்பு கள்ளக்காசுக்கு வரிசையாகப் பல பிரிவுகள் இருந்தன. இப்போது காசு, நோட்டு, ஸ்டாம்பு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள் என்று ஸ்டேஷனில் இருக்கிற பிள்ளைகள் சொன்னார்கள். ‘தெரிந்தே’ என்ற சொல் மட்டும் போகவில்லையாம். அந்தச் சொல்தான் என்னைப் படுத்தியது.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பத்தாவது இரண்டாம் தடவையில் தேறினேன். உயரம் இருந்தது. எடுத்துக்கொண்டார்கள். பயிற்சியில் ஓடச் சொன்னார்கள், ஓடினேன். சட்ட வகுப்பில் தூங்கினேன். பக்கத்தில் உட்கார்ந்து தூங்கினவன் பிறகு எஸ்.ஐ. ஆனான். நான் ஏட்டு பதவியோடு நின்றேன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் பல ஸ்டேஷன்களில் ரைட்டர் வேலை கொடுத்தார்கள். வாக்குமூலம் எழுதுவது, மகஜர் எழுதுவது, கைப்பற்றிய பொருளுக்குச் சீல் வைப்பது. சொன்னதை எழுதுவேன்.

கள்ளக்காசு எனக்குப் புதிது இல்லை. மீஞ்சூர் பக்கம் இருந்தபோது ஒருவனைப் பிடித்தோம். வீட்டுப் பின்னால் ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றிக்கொண்டிருந்தான். காசு இன்னும் சூடாக இருந்தது. தெரியுமா தெரியாதா என்று அவனை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

பிறகு கடம்பத்தூர் பக்கம். ரயிலில் வெள்ளரிப் பிஞ்சு விற்கிற ஆள். யாரோ அவருக்கு ஒரு தடித்த ஐந்து ரூபாய்க் கள்ளக்காசைத் தள்ளிவிட்டார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மறுநாள் அதை இன்னொருவருக்குச் சில்லறையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார். மாட்டிக்கொண்டார். "எனக்கு ஒர்த்தன் குட்த்தான், நான் ஒர்த்தனுக்குக் குட்த்தேன். நடுவுல நான் இன்னா சார் பண்ணேன்?" என்று கேட்டார். அப்போதுதான் நான் பழைய சட்டத்தைச் சரியாகத் தெரிந்துகொண்டேன். வாங்கும்போதே கள்ளக்காசு என்று தெரிந்து, பிறகு ஏமாற்றிக் கொடுத்தால் பெரிய குற்றம். நம் நாட்டுக் காசு என்றால் பத்து வருஷம் வரைக்கும் போகலாம். தெரியாமல் வாங்கி, பிறகு தெரிந்து, தெரிந்ததற்குப் பிறகு கொடுத்தால் சின்னக் குற்றம். வெள்ளரிக்காரர் இரண்டாவது வகை. அபராதத்தோடு போனார். கொடுத்தது மட்டும் கணக்கில்லை, எப்போது தெரிந்தது என்பதுதான் கணக்கு. அதுவும் எனக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகுதான் கும்மிடிப்பூண்டி. ஸ்டேஷன் பெயர் வேண்டாம். அங்கே ஆய்வாளராக இருந்தவர் தணிகாசலம் அய்யா. குட்டையான ஆள். குரல் ஏறாது. யாரை விசாரித்தாலும் முதலில் டீ வாங்கிக் கொடுப்பார். குடித்து முடிக்கிறவரைக்கும் ஒரு கேள்வி கேட்க மாட்டார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் கவிழ்த்து வைப்பார். எதிரில் இருப்பவர் சொல்கிற கடைசிச் சொல்லை எடுத்து அவரிடமே திருப்பிப் போடுவார். "போனேன் சார்" என்றால் "போனே?" என்பார். அவ்வளவுதான். பிறகு காத்திருப்பார். எதிரில் இருப்பவருக்குத் தாங்காது. இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுவார். அடி விழுகிற ஸ்டேஷனில் வராத உண்மை அந்த மேஜைக்கு வரும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. வாக்குமூலத்தில் ‘தெரிந்தே’ என்ற சொல் வருகிற இடம் வந்தால் என் பேனாவைத் தட்டுவார். "அந்த எடத்த விட்டுட்டு எழுதுயா" என்பார். ஒரு சொல் அளவுக்கு வெற்றிடம் விட்டு எழுதுவேன். கடைசியில் முழுவதையும் படித்துப் பார்த்துவிட்டு, நிரப்பு என்றால் நிரப்புவேன். சில நாள் நிரப்ப வேண்டாம், வேறு தாளில் எழுது என்பார். அப்போது அந்த ஆள் வீட்டுக்குப் போவான்.

பஜாரில் மளிகை மண்டி வைத்திருந்தவர் ரத்தினம். ஒருநாள் காலையில் ஒரு சின்னப் பொட்டலத்தோடு வந்தார். பத்து ரூபாய் காசுகள். ஒன்றை எடுத்து மேஜை மேல் தட்டினார். நடுவில் இருந்த வெள்ளை வட்டம் தனியாக விழுந்தது. சுற்றியிருந்த மஞ்சள் வளையம் தனியாக உருண்டது.

"பாரு சார். தொப்புள் கழண்டுது."

"கழண்டுது?" என்றார் அய்யா.

"தட்டினா கழளுது சார். அரசாங்கக் காசு கழளுமா? எளாவூர் எஸ்தரு குட்த்துது. பருப்பு வாங்கிக்கினு போச்சு."

வெளியூர்க்காரர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பத்து ரூபாய் காசை நீட்டினால் கையை இழுத்துக்கொள்வார்கள். செல்லாது என்று யாரோ சொன்னது ஊர் முழுக்கப் பரவிவிட்டது. வங்கி சொன்னது, கலெக்டர் ஆபீஸ் சொன்னது, ஒன்றும் எடுபடவில்லை. அந்தக் காசில் ஒரு பக்கம் மேலே கோடு கோடாக இருக்கும். பத்துக் கோடு போட்டது ஒன்று, பதினைந்து கோடு போட்டது ஒன்று. இரண்டும் அரசாங்கம் போட்டதுதான். ஆனால் பத்துக் கோடு நல்லது, பதினைந்து கோடு டூப்ளிகேட் என்று போனில் ஒரு செய்தி சுற்றியது. மண்டி ரத்தினம் மாதிரி தைரியசாலிகள் பத்துக் கோடு மட்டும் வாங்குவார்கள். மற்றவர்கள் எதையும் வாங்க மாட்டார்கள்.

எஸ்தரம்மாவை எனக்கு முன்பே தெரியும். ஆந்திர எல்லையில் எளாவூர் செக்போஸ்ட்டுக்கு முன்னால் ரோட்டோரம் இட்லிக் கடை. கொட்டகைகூட இல்லை. தார்ப்பாய், பெஞ்சு, அடுப்பு. அவர் வீட்டுக்காரர் இரும்பு உருட்டும் கம்பெனியில் வேலை செய்து, அங்கேயே போய்ச் சேர்ந்தார். மகன் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. மாதாமாதம் சின்னக் கேஸ்கள் சில போட வேண்டும் என்று மேலிடத்தில் எதிர்பார்ப்பார்கள். ரோட்டை அடைத்துக் கடை போட்டார் என்று கேஸ். கடைக்காரர்கள் முறை வைத்து வருவார்கள். கோர்ட்டில் பெயரைக் கூப்பிடுவார்கள். "ஒத்துக்கறேங்க" என்பார்கள். அபராதம் கட்டிவிட்டு மதியத்துக்குள் கடைக்குத் திரும்பிவிடுவார்கள். எஸ்தரம்மா முறை வந்தால் முணுமுணுக்காமல் வருவார். கேஸ் என்றால் அவருக்கு அதுதான்.

நானும் ஒரு பெண் போலீசும் போனோம்.

"இன்னா ஏட்டையா, இந்த மாசம் என் முறை இல்லியே. பஞ்சர் கட நைனா முறைதான?"

"இது வேற. பத்து ரூபா காசு வெச்சிருக்கியாம்மா?"

"எந்தக் காசு? நல்லதா, கெட்டதா?"

இரண்டு டப்பாவை எடுத்து பெஞ்சு மேல் வைத்தார். ஒன்று பால் பவுடர் டப்பா. இன்னொன்று பெயிண்ட் டப்பா. பால் பவுடரில் பத்துக் கோடு. பெயிண்டில் பதினைந்து கோடு. ஒரு காசுகூடக் கலக்காமல் பிரித்து வைத்திருந்தார். வடநாட்டு லாரிக்காரர்கள் பத்து ரூபாய் காசுதான் கொடுப்பார்களாம். அவர்கள் ஊரில் அது ஓடுகிறது.

ஸ்டேஷனில் டீ குடித்து முடித்தார். அய்யா கடிகாரத்தைக் கழற்றினார்.

"கள்ளக்காசுன்னு தெரியுமா எஸ்தரு?"

"தெரியும் சார்."

"தெரியும்?"

"தெரியாம இன்னா சார்? அதான் கெட்ட டப்பா தனியா வச்சிருக்கறனே."

"எப்ப தெரியும்?"

"வாங்கசொல்லவே தெரியும்."

என் பேனா நின்றது. வாங்கும்போதே தெரியும் என்பதை இத்தனை சுலபமாக யாரும் சொல்லி நான் எழுதியதில்லை.

"தெரிஞ்சுமா வாங்குன?"

"அவன் தின்னுட்டு நீட்டறான் சார். வயித்துல பூந்தத நான் புடுங்கவா முடியும்?"

"வாங்கி?"

"பஸ்ல குடுப்பேன். கூட்டத்துல கண்டக்டரு கோடெல்லாம் எண்ண மாட்டான். எல்லைக்கு அந்தாண்ட தடா பக்கம் போனா அங்க கடையில தள்ளிட்டு வருவேன்."

அய்யா என் பேனாவைத் தட்டினார். இடம் விட்டு எழுதினேன்.

"அப்ப நல்ல டப்பா?"

"அது மண்டிக்கு. அப்புறம் ஞாயித்துக்கிழம காணிக்கைக்கு. ஆண்டவருக்குப் போயி டூப்ளிகேட்டு போடுவனா சார்?"

அய்யா ரத்தினம் கொண்டுவந்த காசைக் கையில் எடுத்தார். தொப்புள் கழன்ற அந்த வளையத்தை வெளிச்சத்தில் திருப்பினார். கோட்டை எண்ணினார். என்னிடம் நீட்டினார். நானும் எண்ணினேன். பத்து.

"இது நல்ல டப்பா காசாம்மா?"

எஸ்தரம்மா பார்த்தார். "இல்ல சார். கோடு பத்துதான். ஆனா கழண்டுதுன்னா அது என்து இல்ல. மண்டிக்காரரு மாத்திட்டாரு. பேஜாரு புடிச்ச ஆளு அவரு." பிறகு அவரே, "எதுக்கு சார் வளவள? நான் ஒத்துக்கறேன். எவ்ளோ ஃபைனு சொல்லு. மாவு கரச்சி வெச்சிட்டு வந்துக்கறேன்" என்றார்.

அய்யாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவரை அப்படி அன்றுதான் பார்த்தேன். எது கள்ளக்காசு என்று சொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்லை. நாணயச் சாலைதான் சொல்ல வேண்டும். அதற்கு மாதக் கணக்கில் ஆகும். இதற்குள் மேலிடத்திலிருந்து போன் வந்துவிட்டது. கள்ளக்காசுக் கும்பலாமே, பார்டராமே, என்று. இந்த அம்மாவோ எல்லாம் தெரியும் என்கிறது. கேஸ் போட்டார். கைது காட்டினார்.

காசுகளைக் கட்டும் வேலை எனக்கு. இரண்டு துணிப் பை தைத்தேன். ஒன்றில் பால் பவுடர் டப்பாவில் இருந்தவை, இன்னொன்றில் பெயிண்ட் டப்பாவில் இருந்தவை. ரத்தினம் கொடுத்த உதிரி தனிக் கவரில். முடிச்சின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி, ஆறுவதற்குள் முத்திரை அழுத்த வேண்டும். ஆறினால் பிடிக்காது. அதே முத்திரையை ஒரு தாளிலும் தனியாகக் குத்தி வைக்க வேண்டும், வழியில் யாரும் பிரிக்கவில்லை என்று ஒத்துப் பார்ப்பதற்கு. சாட்சிகள் கையெழுத்து போட்டார்கள். எதிரி கையெழுத்து என்ற இடத்தில் எஸ்தரம்மா போட்டார். சட்டத்தில் குற்றம் சாட்டப்பட்டவரை எதிரி என்றுதான் எழுதுவோம். அவர் அதைப் படித்துவிட்டு, "யாருக்கு ஏட்டையா எதிரி?" என்று கேட்டார். பையின் மேல் எழுதும்போது மட்டும் கூடவே நின்று பார்த்தார். "மாத்தி எழுதிடாத. இது நல்லது. இது கெட்டது" என்றார். அப்படியே எழுதினேன். நல்லவை என எதிரி கூறியவை. செல்லாதவை என எதிரி கூறியவை.

கோர்ட்டில் நடுவர் ஒரு பெண். எஸ்தரம்மா கூண்டில் ஏறியதும் கையைக் கூப்பினார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"ஒத்துக்கறேங்கம்மா. தெரிஞ்சுதான் குட்த்தேன். ஃபைன போட்டு அனுப்புங்க. மாவு பொளிச்சிடும்."

பின்னால் சிரித்தார்கள். நடுவர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

"இது அந்த மாதிரி கேஸ் இல்லம்மா. நீங்க இப்ப எதுவுமே சொல்ல வேணாம். உங்களுக்கு ஒரு வக்கீல் தரச் சொல்றேன். அவர்கிட்ட பேசுங்க."

"வக்கீல் எதுக்கும்மா? நான்தான் ஒத்துக்கறனே."

"ஒத்துக்கிட்டா ஜெயில் எத்தனை வருஷம்னு தெரியுமா?"

எஸ்தரம்மா என்னைப் பார்த்தார்.

ரிமாண்ட் ஆகிப் புழலுக்குக் கூட்டிப் போகும் வண்டியில் அவர் ஜெயிலைப் பற்றிக் கேட்கவில்லை. கடையைப் பற்றித்தான் பேசினார். எளாவூரில் அந்த ரோட்டோரத்துக்குப் பட்டா கிடையாது, லைசன்ஸ் கிடையாது. கடைக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யார் அடுப்பு எரிகிறதோ அவர்கள் இடம். அடுப்பு அணைந்து கிடந்தால் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து வரலாம். சண்டைக்குப் போனால் ஊரே, "ஒன் அடுப்பு எங்க?" என்று கேட்கும்.

"இட்லி வேணாம் ஏட்டையா. எம் புள்ளகிட்ட சொல்லு. அடுப்பு மட்டும் எரியட்டும்."

சொன்னேன். மகன் ஷிப்டுக்குப் போவதற்கு முன்னால் வந்து, அடுப்பை மூட்டி ஒரு குண்டான் தண்ணீரை வைத்துவிட்டுப் போவான். நான் ரோந்து போகும்போது பார்ப்பேன். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். கடையில் ஆள் இருக்காது. லாரிக்காரர்கள் வந்து, மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் போவார்கள். பக்கத்துப் பஞ்சர் கடை நைனா முதலில் ஒரு பழைய டயரை பெஞ்சு ஓரத்தில் சாய்த்தார். பிறகு பெஞ்சு மேலேயே அடுக்கினார்.

சரக்கை நாணயச் சாலைக்கு நான்தான் எடுத்துப் போனேன். ரயிலில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர் சீட்டுக்காரர் என்ன சார் என்று கேட்டார். காசு என்றேன். நல்ல காசா என்று கேட்டார். அதைக் கேட்கத்தான் போகிறேன் என்றேன். அங்கே ஒருவர் முத்திரையை ஒத்துப் பார்த்து வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான் வேலை.

ஜாமீன் கிடைத்தது. எஸ்தரம்மா வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடைக்குப் போனார். பஸ் ஸ்டாப்பிலிருந்தே குரல் கேட்டதாகச் சொல்வார்கள்.

"ஏம் நைனா, நான் செத்துப் பூட்டனா? டயருக்கு ஊது பத்தி வெக்கலியா?"

"லேதும்மா. மழைக்கு வெச்சேன்."

"மழையா? வானத்த பாத்தியா? எட்றா ஒன் டயர. அடுப்பு எரியுதா இல்லியா பாரு. கண்ணு தெரியுதா?"

"தண்ணிதான எரியுது..."

"தண்ணி எரியுமா நைனா? அடுப்பு எரியுது. எடு."

டயர் போயிற்று. ஆனால் அது ஜாமீன்தான். கேஸ் அப்படியே இருந்தது. திரும்பவும் உள்ளே போனால் நைனா டயரை எடுக்க மாட்டார். அது எஸ்தரம்மாவுக்குத் தெரியும். ஸ்டேஷனுக்குக் கையெழுத்துப் போட வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "காயிதம் வந்துச்சா ஏட்டையா?"

வந்தது. அய்யா உறையைக் கிழித்தார். படித்தார். கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். எதிரில் யாரும் இல்லை. காகிதத்தையே பார்த்து, "அசல்?" என்றார்.

என்னிடம் நீட்டினார். இரண்டு தடவை படித்தேன். செல்லாதவை என எதிரி கூறியவை, எல்லாம் அசல். நல்லவை என எதிரி கூறியவற்றில் பெரும்பாலும் கள்ளம். ரத்தினம் கொடுத்ததும் கள்ளம்.

"பைய மாத்திக் கட்டினியா?"

"இல்ல அய்யா. அந்தம்மாவே கூட நின்னுச்சு."

அய்யா காகிதத்தைத் திரும்ப வாங்கி மடித்து வைத்தார். பிறகு சொன்னார்: "கள்ளக்காசு அடிக்கறவன் ஜனம் எத நம்புதோ அதத்தான அடிப்பான். பத்துக் கோடு நல்லதுன்னு ஊரே சொன்னா, பத்துக் கோடு போடுவான். யாரும் தொடாத காச அவன் ஏன் அடிக்கப் போறான்?"

அதுவரைக்கும் சரி. அதற்குப் பிறகுதான் எனக்குக் குழம்பியது. அந்தம்மா கெட்டது என்று தெரிந்து கொடுத்தது நல்ல காசு. அதில் தெரிந்தது இருக்கிறது, கள்ளக்காசு இல்லை. நல்லது என்று நினைத்துக் கொடுத்தது கள்ளக்காசு. அதில் காசு இருக்கிறது, தெரிந்தது இல்லை. குற்றத்தின் ஒரு பாதி ஒரு டப்பாவில், இன்னொரு பாதி இன்னொரு டப்பாவில்.

"ஆனா அய்யா, கண்டக்டரை ஏமாத்தணும்னு நெனச்சிதான குட்த்துது?" என்று கேட்டேன்.

"நெனச்சுது?" என்றார்.

"நெனச்சுது."

"நெனச்சதுக்கெல்லாம் கேஸ் போட்டா ஸ்டேஷன்ல உக்கார பெஞ்சு பத்தாதுயா. ஒன்னயும் சேத்துதான் உள்ள வெக்கணும்."

எஸ்தரம்மாவைக் கூப்பிட்டோம். டீ வந்தது. குடித்தார். அய்யா சொன்னார். அவர் நம்பவில்லை.

"மாத்திட்டாங்க சார். நாணயம் அடிக்கற எடத்துலயே மாத்திட்டாங்க."

"அவங்க ஏம்மா மாத்தணும்?"

"அப்ப நான் கண்டக்டர ஏமாத்தலியா?"

"இல்ல."

"தடா கடக்காரன?"

"இல்லம்மா. நல்ல காசுதான் குட்த்துருக்க."

"அப்ப ஆண்டவருக்கு?"

அய்யா அந்தச் சொல்லைத் திருப்பிப் போடவில்லை. கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

எஸ்தரம்மா அழவில்லை. முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார். "கூசிக் கூசிக் குட்த்தது எல்லாம் நல்லதாம். மனசு நெறஞ்சு போட்டதெல்லாம் கெட்டதாம். இன்னா சார் கணக்கு இது?" என்றார். அதற்குப் பதில் எந்தப் பிரிவிலும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அய்யா அவரைக் கேஸிலிருந்து எடுத்துவிட்டு, சாட்சியாகப் போட்டுக் கோர்ட்டுக்கு எழுதினார். அடித்தவன் யார் என்பது வேறு விசாரணை. அது எங்கள் கையை விட்டு மேலே போய்விட்டது. இந்தத் தடவை வாக்குமூலத்தைப் புதுத் தாளில் எழுதச் சொன்னார். ‘தெரிந்தே’ வருகிற அந்த இடம் அதில் வரவே இல்லை.

அனுப்புவதற்கு முன்னால் எஸ்தரம்மாவிடம் ஒன்று சொன்னார். "இத நல்லா கேட்டுக்க எஸ்தரு. இதுவரைக்கும் ஒனக்குத் தெரியாது. அதனாலதான் ஊட்டுக்குப் போற. இனிமே பத்துக் கோட்டுல கள்ளம் சுத்துதுன்னு ஒனக்குத் தெரியும். நாளைக்கு மறுபடி குட்த்துட்டு, எனக்குத் தெரியாதுன்னு நீ சொல்ல முடியாது."

"அப்ப எந்தக் காசு சார் வாங்கறது?"

"பாத்து வாங்கு."

"பாத்துதான சார் வாங்கினேன்."

கோர்ட் உத்தரவு வந்து, அசல் காசுகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். கள்ளம் கோர்ட்டிலேயே தங்கியது. எஸ்தரம்மா பெயிண்ட் டப்பா காசைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். "இது எனக்கெதுக்கு? யாரு வாங்குவா?" என்றார். நல்ல காசும்மா, நாணயச் சாலையே எழுதிக் கொடுத்திருக்கிறது என்றேன். "எழுதிக் குட்த்தத கண்டக்டர் படிப்பானா?" என்றார். கையெழுத்து போட்டு வாங்கிக்கொண்டார்.

சில நாள் கழித்து அந்தப் பக்கம் போனேன். காலை நாஷ்டா நேரம். நல்ல கூட்டம். பஞ்சர் நைனா தன் எல்லையில் உட்கார்ந்திருந்தார். நான் பெஞ்சில் இடம் பிடித்தேன். எனக்கு முன்னால் ஒரு வடநாட்டு டிரைவர் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, பாக்கெட்டிலிருந்து பத்து ரூபாய் காசுகளை எடுத்து நீட்டினார்.

எஸ்தரம்மா கரண்டியை வைத்துவிட்டுக் காசைத் திருப்பினார். கோட்டை எண்ணினார்.

"பத்து. வேணாம் ராஜா. நோட்டு குடு."

"நோட் நஹி அம்மா. சர்க்கார் பைசா. சலேகா, செல்லும்." டிரைவர் என் காக்கியைப் பார்த்தார். "சாப், சொல்லு சாப். சர்க்கார் பைசா வேணாம் சொல்றது. கேஸ்!"

அவர் சொன்னதும் தப்பில்லை. நல்ல காசை வாங்க மறுப்பதும் குற்றம்தான் என்று எங்களுக்குச் சுற்றறிக்கை வந்திருந்தது.

எஸ்தரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"சொல்லு ஏட்டையா. வாங்கினா அய்யா சொன்னாப்புல நான் தெரிஞ்சவ. வாங்காட்டி இவன் கேஸுங்கறான். ரெண்டுல எதுல ஜெயிலு கம்மி?"

காசை வாங்கி பெஞ்சில் தட்டினேன். தொப்புள் கழலவில்லை. இன்னொன்றைத் தட்டினேன். அதுவும் கழலவில்லை. கழலாவிட்டால் நல்லது என்று யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. நாணயச் சாலை வரைக்கும் போய் வந்தவன் நான். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது எஸ்தரம்மாவுக்குத் தெரிந்ததற்கு மேல் இல்லை.

"தெரியலம்மா" என்றேன்.

"இத்தினி வருஷம் போலீஸ்ல இருந்து?"

"ஆமா."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நைனா எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார். எஸ்தரம்மா என் கையிலிருந்து காசுகளை எடுத்து, டிரைவரின் சட்டைப் பாக்கெட்டில் போட்டு, பாக்கெட்டைத் தட்டிவிட்டார்.

"போ ராஜா. திரும்ப வரசொல்ல நோட்டு எட்த்துக்கினு வா. மறந்துடாத."

டிரைவர் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு லாரியில் ஏறினார். எஸ்தரம்மா அவருடைய தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். அடுப்பில் ஒரு கட்டையைத் தள்ளினார்.

"இப்படியே சும்மா இட்லி போட்டுக்கினு இருந்தா எத்தினி நாளைக்கு எரியும்?" என்றார். என்னைக் கேட்டாரா, நைனாவைக் கேட்டாரா, தெரியவில்லை. நைனா டயரை உருட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு இட்லி வைத்தார். சாப்பிட்டேன். சட்னியில் காரம் கூட. தண்ணீர் குடித்துவிட்டு ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தேன். எஸ்தரம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். தார்ப்பாய்க்கு வெளியே போய், இரண்டு கையாலும் விரித்து, வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.